அப்பா விட்டுப்போன துப்பாக்கியை நான் வைத்துக்கொள்ளலாமா?

கோவையில் தனியார் நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் 43 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய சொந்த ஊர் ஈரோடு மாவட்டத்தில், திம்பம் தாண்டி, கர்நாடக எல்லையை ஒட்டிய ஒரு மலைக் கிராமம். விவசாயியான அவருடைய அப்பா 1988 முதல் லைசென்ஸோடு 12 போர் (குழலின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தார். எட்டு மாதங்களுக்கு முன்பு அப்பா மாரடைப்பில் காலமாகிவிட்டார். துப்பாக்கி இன்னும் ஊர் வீட்டு பீரோவில், பழைய கம்பளியில் சுற்றியபடி இருக்கிறது. ஏழு தோட்டாக்கள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடக்கின்றன. வீட்டில் அம்மா மட்டும் தனியாக இருக்கிறார்.

அவர் கேட்பது இவ்வளவு. லைசென்ஸ் புத்தகத்தில் இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருக்கிறது, அதுவரை வைத்துக்கொள்ளலாம்தானே? அடுத்த வாரம் ஊருக்குப் போகும்போது காரில் வைத்துக் கோவைக்குக் கொண்டுவரலாமா? மூத்த மகன் என்பதால் தன் பேருக்குத் தானாக மாறிவிடுமா, மைசூரில் கட்டிக்கொடுத்த தங்கையிடம் கேட்க வேண்டுமா? மக்காச்சோளக் காட்டில் பன்றி புகுந்தால் சுடலாமா? குடகில் இருக்கும் உறவினர், 'எங்கள் ஊரில் லைசென்ஸே வேண்டாம்' என்கிறாரே? பக்கத்துத் தோட்டக்காரர் ஐம்பதாயிரம் தருவதாகச் சொல்கிறார். 'இந்த வம்பே வேண்டாம், கிணற்றில் போட்டுவிடு' என்கிறார் சித்தப்பா. கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: வரப்புத் தகராறில் பங்காளிகளோடு அடிதடி வழக்கு ஒன்று நடந்துகொண்டிருக்கிறது.

உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தேன். தீபாவளிக்கு முந்தின நாள் அவர் திண்ணையில் உட்கார்ந்து, குழலுக்குள் எண்ணெய்த் துணியை விட்டு இழுத்துத் துடைப்பதை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள். அதை இழக்க மனம் வராதது இயல்புதான். அதனால் 'கூடாது' என்று ஒரே வார்த்தையில் முடிக்காமல் விரிவாகவே எழுதுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து அதை காரில் எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

அந்த லைசென்ஸ் அப்பாவோடு முடிந்துவிட்டது

நிலம் அப்பா பேரில் இருந்தால், அவர் காலமான பிறகும் அது குடும்பச் சொத்துதான். துப்பாக்கியை அந்தக் கணக்கில் பார்க்கிறீர்கள், தவறு அங்கேதான் தொடங்குகிறது. இரும்பும் மரமுமான அந்தப் பொருளின் விலை வாரிசுகளுக்குச் சேரும், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதைக் கையில் வைத்திருக்கும் அனுமதி, 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, அந்தப் புத்தகத்தில் போட்டோ ஒட்டியிருக்கும் ஒரே ஆளுக்குத்தான். அவர் போனதும் அனுமதியும் போய்விட்டது. புத்தகத்தில் மிச்சமிருக்கும் இரண்டு வருடம் உங்களுக்கும் ஆகாது, அம்மாவுக்கும் ஆகாது.

லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது இரண்டு வருடம், அதிகபட்சம் ஐந்து வருடம், கூடவே அபராதம். தோட்டாவுக்கும் லைசென்ஸ் வேண்டும். அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலும் கணக்கில் வரும்.

உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. யார் வீட்டில் பொருள் இருக்கிறதோ, முதல் கேள்வி அவரிடம்தான் வரும். இப்போது அது உங்கள் அம்மா. நாளைக்கே வீட்டில் திருடன் புகுந்து, அந்தத் துப்பாக்கி வெளியே போய், எங்கேயோ ஒரு குற்றத்தில் சிக்கினால், 'எனக்கு ஒன்றும் தெரியாது சாமி' என்று அந்த அம்மாள் ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

எட்டு மாதம் கடந்துவிட்டதே, இப்போது போனால் வழக்குப் போடுவார்களா என்று பயப்படுகிறீர்கள். சட்டத்தின் 21ஆவது பிரிவு, வைத்திருக்கும் உரிமை முடிந்ததும் தேவையற்ற தாமதமில்லாமல் ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்கிறது. எட்டு மாதம் தாமதம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி, இறப்புச் சான்றிதழோடு தானாக வந்து ஒப்படைக்கும் குடும்பம் என்றால் அதைப் பார்க்கும் விதமே வேறு. சோதனையில் சிக்குவதும் தானாகப் போய்க் கொடுப்பதும் ஒன்றாகாது. வக்கீலாக என் முப்பது வருட அனுபவத்தில், ஒளிவுமறைவு இல்லாமல் வந்து கொடுத்த வாரிசுகள் யாரையும் ஜெயிலுக்கு அனுப்பி நான் பார்த்ததில்லை. ஒன்றே ஒன்று: 'அப்பா போன மாதம்தான் தவறினார்' என்பது மாதிரி தேதியை மாற்றி எழுதச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். தாமதத்துக்கு விளக்கம் சொல்லித் தப்பலாம், பொய்க்கு விளக்கமே கிடையாது.

காரில் ஏன் கூடாது

உங்கள் ஊரிலிருந்து கோவைக்கு வரும் பாதையை யோசித்துப் பாருங்கள். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி பண்ணாரி வர வேண்டும். வழிநெடுக சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். அங்கே வனத்துறை சோதனைச் சாவடிகளில் வண்டியை நிறுத்துவதே வேட்டை ஆயுதத்துக்கும் வனப்பொருளுக்கும்தான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆவது பிரிவுப்படி, சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய எழுத்துமூல முன் அனுமதி வேண்டும். லைசென்ஸ் உள்ளவருக்கே இந்த விதி. கம்பளியில் சுற்றிய இரட்டைக்குழலும் ஏழு தோட்டாவும் உங்கள் டிக்கியில் இருந்தால் ஆயுதச் சட்டம் ஒரு பக்கம், வனச் சட்டம் இன்னொரு பக்கம் என்று மாட்டிக்கொள்வீர்கள். 'அப்பாவின் நினைவாகக் கொண்டு போகிறேன் சார்' என்று நீங்கள் சொல்வது உண்மைதான், ஆனால் அந்த இடத்தில் அதை யார் நம்புவார்கள்?

ஒப்படைப்பது எப்படி

ஊருக்குப் போனதும் துப்பாக்கியைத் தொடாமல், லைசென்ஸ் புத்தகத்தை மட்டும் எடுங்கள். அதில் துப்பாக்கியின் நம்பர், தயாரிப்பு, போர் எல்லாம் இருக்கும். லைசென்ஸுக்குத் தனி அடையாள எண்ணும் இருக்கும். மத்திய உள்துறை அமைச்சகத்தின் தேசியத் தரவுத்தளத்தில் அப்பாவின் பேரும் இந்தத் துப்பாக்கியும் ஏறியிருப்பது அந்த எண்ணில்தான். சித்தப்பா சொல்லும் கிணற்று யோசனை இதனால்தான் ஆபத்து. பொருள் தண்ணீருக்குள் போனாலும் பதிவு அப்படியே நிற்கும். புதுப்பிக்கும் தேதி தாண்டியதும் 'துப்பாக்கி எங்கே' என்று ஆள் வருவார். அப்போது நீங்கள் சொல்லும் எந்தப் பதிலும் உங்களுக்கு எதிராகத்தான் திரும்பும்.

அம்மா பேரில் ஒரு மனு எழுதுங்கள். கணவர் இறந்த தேதி, லைசென்ஸ் எண், துப்பாக்கி எண், தோட்டா எத்தனை, துக்கத்திலும் விவரம் தெரியாமலும் தாமதமாகிவிட்டது, இப்போது ஒப்படைக்க விரும்புகிறோம், இவ்வளவுதான். இறப்புச் சான்றிதழ் நகலை இணைத்து, துப்பாக்கி இல்லாமல், மனுவோடு மட்டும் உங்கள் பகுதி ஸ்டேஷனுக்குப் போங்கள். வீட்டுக்கு ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளும்படி கேளுங்கள். சில இடங்களில் 'நீங்களே கொண்டு வாங்க' என்பார் ரைட்டர். அப்படிச் சொன்னால் உங்கள் மனுவில் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் ஒரு காவலரைக் கூட அனுப்பிவிடுவார்கள்.

துப்பாக்கியைத் திறந்து குண்டு இருக்கிறதா என்று நீங்கள் பார்க்க வேண்டாம். பழக்கமில்லாதவர் கையில், 'காலியாகத்தான் இருக்கும்' என்று நினைத்த துப்பாக்கியால் வந்த வழக்கை நான் நடத்தியிருக்கிறேன். தூக்கிப் பார்த்தவர் பதினேழு வயதுப் பையன். இதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

ஒப்படைத்ததற்கு ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். துப்பாக்கி எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் அதில் இருக்க வேண்டும். மனுவின் நகலை ஈரோடு கலெக்டர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள், லைசென்ஸ் கொடுத்தது அவர்கள்தான்.

ஸ்டேஷனுக்குப் பதிலாக லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமும் ஒப்படைக்கச் சட்டம் இடம் தருகிறது. அவர் மாத வாடகை கேட்பார், ஆனால் எண்ணெய் போட்டுப் பராமரிப்பார். ஸ்டேஷன் கிடங்கில் அந்தப் பராமரிப்பு கிடையாது. அங்கே கழுத்தில் அட்டை கட்டித் தொங்கும் துப்பாக்கிகளை நான் பார்த்திருக்கிறேன், இரண்டு மழைக்காலம் போனால் குழல் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். இருந்தாலும் இப்போது அம்மா இருக்கும் நிலையில் முதலில் ஸ்டேஷன்தான். பிறகு முறைப்படி அனுமதி வாங்கி வியாபாரியிடம் மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் பேருக்கு வாங்குவது

தானாக மாறாது. ஆனால் வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் 25ஆவது விதி, லைசென்ஸ்தாரர் இறந்தால் அவருடைய சட்டபூர்வ வாரிசுக்கு லைசென்ஸ் கொடுக்கலாம் என்கிறது. (உயிரோடு இருக்கும்போதே, 70 வயது ஆனாலோ 25 வருடம் வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்றிக் கொடுக்கவும் அதே விதி இடம் தருகிறது. அப்பா இருந்தபோது இதை யாராவது சொல்லியிருந்தால் உங்களுக்கு இவ்வளவு சிரமம் இல்லை. இதைப் படிக்கும் மற்ற குடும்பங்களாவது கவனியுங்கள்.)

மூத்த மகன் என்று தனி உரிமை எதுவும் கிடையாது. அம்மா, நீங்கள், தங்கை மூவரும் சம வாரிசுகள். கட்டிக்கொடுத்துவிட்டதால் தங்கையின் உரிமை குறையாது. தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அம்மாவிடமும் தங்கையிடமும் ஆட்சேபணை இல்லை என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்க வேண்டும். தங்கையிடம் போனில் 'ஒரு கையெழுத்து போடம்மா' என்று மட்டும் சொல்லாமல் எதற்கென்று விளக்கிச் சொல்லுங்கள்.

இனி மனு. படிவம் ஏ-1இல், நீங்கள் குடியிருக்கும் இடத்தின் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். வீடு கோவை மாநகர எல்லைக்குள் என்றால் போலீஸ் கமிஷனர், வெளியே என்றால் கலெக்டர். மருத்துவச் சான்று வேண்டும், துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியும் வேண்டும். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், அது உங்களுக்குப் பிரச்சினையில்லை. வழக்கமாகப் போலீஸ் அறிக்கை வந்த பிறகே முடிவு. சொத்து போதாது என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ஆயுதச் சட்டத்தின் 14ஆவது பிரிவு சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். 18ஆவது பிரிவில் மேல்முறையீடும் உண்டு. கிடைத்தால் ஐந்து வருடத்துக்குச் செல்லும். ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்ற 2019ஆம் ஆண்டு உச்சவரம்பு, பரம்பரையாக வருவதற்கும் பொருந்தும்.

இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரப்புத் தகராறு எனக்கு முக்கியமாகப் பட்டது. வழக்கு நிலுவையில் இருந்தாலே லைசென்ஸ் கிடையாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் போலீஸ் அறிக்கையில் அது கட்டாயம் வரும், அதிகாரியும் அதை யோசிப்பார். யோசிக்கவும் வேண்டும். அதை மறைத்து மனுப் போட்டால் பின்னால் எப்போது தெரிந்தாலும் லைசென்ஸை ரத்து செய்ய 17ஆவது பிரிவில் அதுவே போதும். மறைக்காதீர்கள்.

வக்கீலாக இவ்வளவு சொன்னேன். உங்களை விட வயதில் மூத்தவனாக இன்னொன்றும் சொல்கிறேன், தம்பி. பங்காளியோடு கை கலந்த குடும்பத்தில், அதே வரப்புக்குப் பக்கத்து வீட்டில், ஒரு துப்பாக்கி வேண்டுமா? மண்வெட்டியோடு முடிந்துபோன சண்டைகள், கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்ததால் கொலை வழக்காக ஆனதை நம் மாவட்ட நீதிமன்றங்களில் பார்த்தவன் நான். சுட்டவர்களில் பலர் முன்பு ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை.

பன்றி, குடகு, ஐம்பதாயிரம்

மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி ஒரே இரவில் உழுது போட்டுவிட்டுப் போகும் வேதனை எனக்குத் தெரியும். ஆனாலும் லைசென்ஸே உங்கள் பேரில் இருந்தாலும் பன்றியைச் சுட அது அனுமதி ஆகாது. துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டம், பன்றிக்கு வனவிலங்குச் சட்டம், இரண்டும் தனித்தனி. 2025 ஜனவரியில் தமிழக அரசு எடுத்த முடிவுகூட, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை, அதுவும் வனத்துறையினர்தான் சுடலாம் என்கிறது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. உங்கள் மக்காச்சோளக் காடு காப்புக்காட்டு எல்லையிலிருந்து கூப்பிடு தூரம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சேதத்தைப் போட்டோ எடுத்து வனத்துறையிடம் இழப்பீட்டுக்கு மனுக் கொடுங்கள். அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) வைக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அதைக் கடித்து வாய் சிதறிய யானைகளும் மாடுகளும் உண்டு. அதோடு அது வெடிபொருள் வழக்கு.

குடகு உறவினர் பொய் சொல்லவில்லை. குடவர் சமூகத்தினருக்கும் ஜம்மா என்ற பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் குடகு மாவட்டத்தில் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே லைசென்ஸிலிருந்து விலக்கு இருக்கிறது. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது, 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. ஆனால் அது அவர்களுக்கு மட்டும். எல்லைக்குப் பக்கத்தில் இருப்பதாலோ அங்கே உறவினர் இருப்பதாலோ உங்களுக்கு வராது. மற்ற அனைவருக்கும் சட்டம் வேறு: அமெரிக்காவைப் போல இங்கே ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமை அல்ல என்பதை 2023இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சுட்டிக்காட்டியது.

பக்கத்துத் தோட்டக்காரரிடம் இன்று கைமாற்றிக் காசு வாங்கினால் நீங்கள் இருவருமே குற்றவாளிகள். லைசென்ஸ் உள்ளவரே தன் துப்பாக்கியை இன்னொரு தனிநபருக்கு விற்க, வாங்குபவரின் பேர், முகவரியோடு முன்கூட்டி எழுதிக் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும். உங்களுக்கு நேரான வழி, ஒப்படைத்த பிறகு விற்பது. ஒப்படைத்த பொருளை, வைத்திருக்க உரிமை உள்ளவருக்கு விற்று அந்தப் பணத்தைப் பெறும் உரிமை 21ஆவது பிரிவிலேயே வாரிசுகளுக்கு இருக்கிறது. அவரிடம் லைசென்ஸும் அதில் இடமும் இருந்தால் அவருக்கே விற்கலாம், இல்லையென்றால் ஆயுத வியாபாரிக்கு. ஐம்பதாயிரம் கிடைக்காமல் போகலாம், ஆனால் வருகிற பணத்தை நீங்கள் நிம்மதியாகச் செலவழிக்கலாம். இதற்குக் காலக்கெடு உண்டு. அது தாண்டினால் கலெக்டர் நோட்டீஸ் கொடுத்து அரசுடைமையாக்கிவிடலாம். ஒப்படைத்ததோடு மறந்துவிடாதீர்கள்.

ஆக, இந்த வாரம் செய்ய வேண்டியது அந்த மனு ஒன்றுதான். லைசென்ஸ் வாங்குவதா விற்பதா என்ற முடிவுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. வரப்பு வழக்கு ஒரு பக்கம் முடியட்டும், அப்புறம் அம்மாவையும் தங்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அப்பாவின் ஞாபகமாக ஏதாவது வேண்டும் என்றால், அந்த எண்ணெய்த் துணியும் குழல் துடைக்கும் கம்பியும் வீட்டிலேயே இருக்கட்டும், அதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. துப்பாக்கியை எடுக்க ஆள் வரும்வரை பீரோவைப் பூட்டிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவைத் தனியாக விடாமல் இரண்டு நாள் லீவு போட்டு அங்கேயே இருங்கள்.